பெட்டியில் பழுக்காத காய்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்

காய்கறிக் கடையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறங்களில் அடுக்கி வைத்திருக்கும் குடைமிளகாயை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ‘மூன்றும் மூன்று வகைச் செடியின் காய்கள்’ என்று சொல்வோர் உண்டு. ‘சாயம் ஏற்றி விற்கிறார்கள்’ என்று அஞ்சுவோரும் உண்டு. இந்தக் காயைப் பற்றி நான் எழுத முன்வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தாயார் ஓசூர்ப் பக்கத்தில் ஒரு பசுமைக்குடிலில் கூலி வேலை செய்கிறார். குடைமிளகாய் பறிப்பதும், தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவதும் அவர் வேலை. நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள், லாரி நேரத்துக்கு முன்பே வந்து நின்றது. சிவப்புக் காய் இருபது பெட்டி கேட்டார்கள். பதினாறு பெட்டிதான் தேறியது. அம்மா அதற்கு முன் பல ஆண்டுகள் தக்காளித் தோட்டங்களில் வேலை செய்தவர். தக்காளியைப் பச்சையாகப் பறித்து அனுப்பினாலும் அது சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் சிவந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அந்த அனுபவத்தை நம்பிச் சிவப்பு இரகச் செடிகளிலிருந்து நன்கு முற்றிய பச்சைக் காய்களைப் பறித்து, மீதி நான்கு பெட்டியையும் நிரப்பிவிட்டார். நான்கு நாள் கழித்து அந்தப் பெட்டிகள் திரும்பி வந்தன. காய்கள் சுருங்கியிருந்தன, சிவக்கவில்லை. மேஸ்திரி அம்மாவின் கூலியில் மூன்று நாள் பிடித்துக்கொண்டார்.

அன்று இரவு அம்மா என்னிடம் கேட்டார்: “ஏங் கண்ணு, நீ படிக்கிற பிள்ளைதானே? தக்காளி பொட்டிக்குள்ள பழுக்குது. இது மட்டும் ஏன் பழுக்கல?”

எனக்கு விடை தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவின் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த விடையே இக்கட்டுரை.

பெயரும் பிறப்பும்

குடைமிளகாய் நம் நாட்டுக் காய் அன்று. மிளகாய் இனம் முழுவதற்கும் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492-இல் கொலம்பஸ் மிளகைத் தேடிப் புறப்பட்டுப் போய்ச் சேர்ந்த இடத்தில் மிளகு இல்லை. உறைப்பான இந்தக் காய்தான் இருந்தது. அதற்கும் மிளகின் பெயரையே ஐரோப்பியர் இட்டனர். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக அது இந்தியாவுக்கு வந்தது. மிளகைப் போல உறைக்கும் காய் என்று நாமும் ‘மிளகாய்’ என்றே அழைத்தோம்.

குடைமிளகாயும் நம் வீட்டுச் சம்பா மிளகாயும் ‘கேப்சிகம் ஆனுவம்’ என்னும் ஒரே சிற்றினம். கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவை இவற்றின் குடும்பத்து உறவினர்.

அப்படியானால் குடைமிளகாய் ஏன் உறைப்பதில்லை? மிளகாயின் உறைப்புக்குக் காரணமான பொருள் கேப்சைசின். அது காயின் உள்ளே விதைகள் ஒட்டியிருக்கும் வெண்மையான சூலகத் திசுவில் உண்டாகிறது. விதையில்தான் உறைப்பு என்று நாம் சொல்வது சரியன்று. அந்தத் திசுவோடு ஒட்டிக் கிடப்பதால் விதையும் உறைக்கிறது. கேப்சைசினை உண்டாக்கத் தேவையான ஒரு மரபணுவின் பகுதி குடைமிளகாயில் அறுந்து போயிருக்கிறது என்பதை 2005-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆகவே குடைமிளகாய் எவ்வளவு பழுத்தாலும் உறைக்காது.

பச்சை என்பது ஒரு பருவம்

பச்சைக் குடைமிளகாய் என்று தனியாக ஓர் இனம் இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் நாம் வாங்கும் பச்சைக் காய்களில் பெரும்பாலானவை முற்றிய, ஆனால் பழுக்காத காய்கள். செடியிலேயே விட்டுவைத்தால் அவை தம் இரகத்திற்கு ஏற்பச் சிவப்பாகவோ, மஞ்சளாகவோ, ஆரஞ்சாகவோ மாறும். பூ காய்த்து, பச்சைக் காயாக முற்றுவதற்குச் சுமார் ஐந்து முதல் ஏழு வாரம் ஆகும். அதன்பின் முழு நிறம் பெற இன்னும் இரண்டு மூன்று வாரம் வேண்டும். அந்த மூன்று வாரமும் தண்ணீர், உரம், பூச்சிக் காவல் எல்லாம் தொடர வேண்டும். பழுக்கும் காய்களைச் சுமந்து நிற்கும் செடி புதிய காய்களைக் குறைவாகவே பிடிக்கும். நிறக்காய்க்கு விலை கூடுதலாக இருப்பதன் காரணம் இதுதான். சாயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பச்சை நிறத்தைத் தருவது பச்சையம். இலைகளில் இருப்பது போலவே காயின் தோலிலும் சதையிலும் உள்ள செல்களில் பசுங்கணிகங்கள் இருக்கின்றன. பச்சைக் காய் சூரிய ஒளியைக் கொண்டு தனக்கு வேண்டிய உணவில் சிறு பங்கைத் தானே தயாரிக்கிறது. பெரும்பங்கு இலைகளிலிருந்து காம்பு வழியாக வருகிறது. இந்தக் காம்பைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கும். ஆதலால் வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஆய்வகத்தில் கண்டது

இவ்வாண்டு எங்கள் செய்முறை வகுப்பில் தாள் நிறப்பிரிகை கற்பித்தார்கள். வழக்கமாகக் கீரை இலையைக் கொண்டுதான் செய்வார்கள். நான் பேராசிரியரிடம் அனுமதி பெற்று, அம்மா தரம் கழித்த காய்களிலிருந்து கொண்டு வந்த ஒரு பச்சைக் காயையும் ஒரு சிவப்புக் காயையும் எடுத்துக்கொண்டேன். இரண்டையும் தனித்தனியே கல்வத்தில் இட்டு அசிட்டோன் விட்டு அரைத்தேன். சாற்றை வடிகட்டித் தாளின் அடியில் பொட்டாக வைத்து, பெட்ரோலியம் ஈதரும் சிறிது அசிட்டோனும் கலந்த கரைப்பானில் தாளின் நுனி படும்படி நிறுத்தினேன்.

பச்சைக் காயின் தாளில் அடியில் மஞ்சட்பச்சையும், அதன்மேல் நீலப்பச்சையுமாக இரண்டு பட்டைகள் தோன்றின. இவை இரண்டும் பச்சையத்தின் இருவகைகள். அவற்றுக்கு மேலே மஞ்சள் பட்டைகளும் இருந்தன! பச்சையாகத் தெரியும் காய்க்குள் மஞ்சள் நிறமிகள் ஏற்கெனவே ஒளிந்திருக்கின்றன என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். சிவப்புக் காயின் தாளில் பச்சைப் பட்டை ஒன்றுகூட இல்லை. ஆரஞ்சும் சிவப்புமான பட்டைகள் மேலே ஏறி நின்றன.

இதிலிருந்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: திரை விலகினால் உள்ளே இருப்பது தெரிவது போல, பச்சையம் அழிந்ததும் உள்ளிருக்கும் நிறம் வெளிப்படுகிறது, அவ்வளவுதான் என்று எழுதினேன். பேராசிரியர் என் பதிவேட்டைப் பார்த்து, “மஞ்சள் உள்ளே இருந்தது, சரி. சிவப்பு எங்கே இருந்தது?” என்று கேட்டார். பச்சைக் காயின் தாளை மறுபடியும் பார்த்தேன். அதில் சிவப்பு எங்குமே இல்லை. என் முடிவில் பாதிதான் சரி.

நிறம் மாறும் விதம்

உதிரப்போகும் இலை மஞ்சளாவது பெரும்பாலும் திரை விலகும் கதைதான். காய் பழுப்பது அப்படியன்று. அங்கே ஒரு புறம் பழையது கலைக்கப்படுகிறது. மறுபுறம் புதியது கட்டப்படுகிறது.

பழுக்கும் காலம் வந்ததும் பச்சையம் சிதைக்கப்படுகிறது. பசுங்கணிகங்களின் உள்ளமைப்பே கலைந்து, அவை வண்ணக்கணிகங்களாக உருமாறுகின்றன. அந்த வண்ணக்கணிகங்களுக்குள் கரோட்டினாய்டு என்னும் நிறமிகள் புதிதாக உற்பத்தியாகின்றன. அவற்றுள் முதன்மையானது கேப்சாந்தின். மிளகாயின் சிவப்புக்கு முதற் காரணம் இதுவே. 1927-இல் அங்கேரி நாட்டின் பேச் நகரில் செக்மைஸ்டர், சோல்னோக்கி என்னும் இருவர் சிவப்பு மிளகாயிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். தக்காளியின் சிவப்பு வேறு; அது லைக்கோப்பீன்.

மஞ்சள் நிறமி ஒன்றைச் சிவப்பு நிறமியாக மாற்றுவதற்கு ஒரு நொதி தேவை. மஞ்சள் குடைமிளகாய் இரகங்கள் பலவற்றில் அந்த நொதியைத் தரும் மரபணு இல்லை, அல்லது பழுதாகி இருக்கிறது. எனவே வேலை மஞ்சளோடு நின்றுவிடுகிறது. மஞ்சள் என்பது சிவப்புக்கு முந்தைய படி என்று எண்ணிக்கொண்டு மஞ்சள் காயை வாங்கி வந்து சிவக்கும் என்று காத்திருப்பது வீண். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில இரகங்களில் சிவப்பு உண்டாகும். ஆனால் பச்சையம் அழியாது. சிவப்பும் பச்சையும் கலந்தால் என்ன நிறம்? அந்தக் காய்கள் பழுப்பு நிறமாக இருக்கின்றன.

கேப்சாந்தின் தண்ணீரில் கரைவதில்லை, எண்ணெயில் கரையும். மிளகாய்த் தூளைத் தண்ணீரில் கரைத்தால் அடியில் தங்கிவிடுவதும், எண்ணெயில் இட்டால் எண்ணெயே சிவந்து குழம்பின் மேல் மிதப்பதும் நம் வீட்டு அடுப்படியில் நாள்தோறும் நடக்கும் வேதியியல் சோதனை.

மணமும் சுவையும்

அம்மா வேலையிலிருந்து வீடு திரும்பும்போது அவர் சேலையில் ஒரு பச்சை வாசனை வீசும். துவைத்தாலும் முற்றிலும் போகாது. சிறு வயதில் அதை உர வாசனை என்று நினைத்திருந்தேன். அது குடைமிளகாயின் வாசனை. அதற்குக் காரணமான பொருள் மீத்தாக்சிபைரசின் வகையைச் சேர்ந்தது. 1969-இல் கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தபோது, மனித மூக்கு இதை எவ்வளவு நுட்பமாக உணர்கிறது என்பதையும் அளந்தார்கள். ஓர் இலட்சம் கோடி பங்கு தண்ணீரில் இப்பொருள் இரண்டு பங்கு கலந்திருந்தாலே நமக்கு மணம் தெரிந்துவிடுமாம்! துவைத்த சேலையிலும் வாசனை வீசுவதில் வியப்பென்ன?

காய் பழுக்கப் பழுக்க இப்பொருள் குறைந்துவிடுகிறது. பச்சைக் காயின் புல் போன்ற மணமும் மெல்லிய கசப்பும் விலகி, இனிப்பும் கனி மணமும் மேலோங்குகின்றன. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணை ஒன்றில் நூறு கிராம் பச்சைக் குடைமிளகாயில் சர்க்கரை சுமார் 2.4 கிராம் என்றும், சிவப்பில் சுமார் 4.2 கிராம் என்றும் இருக்கிறது. பச்சையை வதக்கிப் பொரியலுக்கும் கூட்டுக்கும் சேர்ப்பதும், சிவப்பை அப்படியே நறுக்கித் தின்ன முடிவதும் இதனால்தான்.

உணவுச் சத்தும் கூடுகிறது. அதே அட்டவணையில் வைட்டமின் சி பச்சையில் 80 மில்லிகிராம், சிவப்பில் 128 மில்லிகிராம். ஆரஞ்சுப் பழத்தில் இது சுமார் 53 மில்லிகிராம்தான். நம் உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின் சிவப்புக் காயில் ஏறக்குறைய எட்டு மடங்கு.

வைட்டமின் சி-க்கும் இந்தக் காய்க்கும் உள்ள உறவு சுவையானது. அங்கேரியின் செகெட் நகரில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி என்னும் அறிஞர் இந்த வைட்டமினைப் போதிய அளவில் பெற வழி தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் இரவு உணவில் அவர் மனைவி ‘பாப்ரிக்கா’ என்னும் அந்நாட்டு மிளகாயை வைத்தார். அவருக்கோ அதைத் தின்ன மனமில்லை. மறுத்தால் வீட்டில் வருத்தம் வருமே என்று, சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லிக் கையோடு ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார். நள்ளிரவுக்குள் அது வைட்டமின் சி-யின் களஞ்சியம் என்று தெரிந்தது! 1937-இல் அவருக்கு மருத்துவத்திற்கான நோபெல் பரிசு கிடைத்தது. மனைவி வைத்த காய் ஆய்வகத்துக்குப் போன கதையைப் படித்தபோது, அம்மா கொடுத்த காயை நானும் ஆய்வகத்துக்குக் கொண்டு போனதை எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

செடி ஏன் இவ்வளவு சிரமப்படுகிறது?

நம் நாவுக்காகச் செடி காயைப் பழுக்க வைக்கவில்லை. விதை முற்றும் வரையில் காய் இலைகளோடு இலையாகப் பச்சையாக மறைந்திருக்கிறது; கசக்கவும் செய்கிறது. விதை முற்றியதும் ‘இனி என்னைத் தின்னலாம்’ என்று நிறத்தாலும் இனிப்பாலும் அழைக்கிறது. காட்டு மிளகாயில் இந்த அழைப்பு பறவைகளுக்கு உரியது. கேப்சைசினின் எரிச்சல் பாலூட்டிகளைத் தடுக்கிறது. பறவைகளுக்கோ உறைப்புத் தெரிவதில்லை. பாலூட்டிகளின் குடலில் விதைகள் கெட்டுவிடுகின்றன. பறவைகளின் எச்சத்தில் விழும் விதைகள் முளைக்கின்றன. 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை மெய்ப்பித்தது. மனிதன் வளர்த்த குடைமிளகாய் உறைப்பை இழந்துவிட்டது. அழைப்பை மட்டும் மறக்கவில்லை.

அம்மாவின் கேள்வி

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

1920-களில் இங்கிலாந்தில் கிட், வெஸ்ட் என்னும் இருவர் ஆப்பிள் பழங்களின் சுவாசத்தை அளந்தார்கள். பறித்து வைத்த ஆப்பிள் பழுக்கத் தொடங்கும்போது அதன் சுவாசம் திடீரென்று உயர்ந்து, உச்சத்தை அடைந்து, பின் தணிவதைக் கண்டார்கள். பழுக்கும் பழம் எதிலீன் என்னும் வாயுவை வெளியிடுகிறது என்பதை 1934-இல் கேன் என்பவர் நிறுவினார். அந்த வாயுவே பழுக்கும் வேலையை முடுக்கி விடுகிறது. ஒரு பழம் பழுத்தால் அடுத்ததும் பழுக்கிறது. வாழைத்தாரை மூடி வைத்துப் புகை போட்டுப் பழுக்க வைத்த நம் முன்னோர் பெயர் தெரியாமலே இந்த வாயுவைப் பயன்படுத்தியவர்கள்.

வாழை, மா, தக்காளி, ஆப்பிள் ஆகியவை இந்தச் சுவாச உச்சம் உடைய கூட்டத்தைச் சேர்ந்தவை. முற்றிய காயாகப் பறித்தாலும் தமக்குள் எதிலீனை உண்டாக்கிக்கொண்டு பழுத்துவிடும். திராட்சை, எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவை இன்னொரு கூட்டம். இவற்றுக்கு அந்த உச்சம் கிடையாது. குடைமிளகாய் இந்த இரண்டாம் கூட்டத்தில் இருக்கிறது. தக்காளிக்கு நெருங்கிய உறவாயிருந்தும் பழுக்கும் வழக்கத்தில் அது வேறு கட்சி!

முழுப் பச்சையாகப் பறித்த குடைமிளகாயில் பழுக்கும் வேலை சரிவரத் தொடங்குவதே இல்லை. வாழைக்காயைப் போல மாவைப் பெருமளவில் சேமித்து வைத்துப் பிறகு சர்க்கரையாக்கிக்கொள்ளும் வழியும் அதற்கு இல்லை. சர்க்கரை காம்பு வழியாக வர வேண்டும். காம்பை வெட்டியதும் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. பிறகு நீர் வற்றிச் சுருங்குவதுதான் மிச்சம். எதிலீன் வாயுவை வெளியிலிருந்து கொடுத்தாலும் பெரும் பயன் இல்லை.

ஆனால் செடியிலேயே நிறம் திரும்பத் தொடங்கிய காயின் கதை வேறு. பழுக்கும் வேலை அதில் தொடங்கிவிட்டது. பறித்த பின்னும் 20 முதல் 25 பாகை வெப்பத்தில், ஈரக் காற்றில் வைத்தால் மீதி நிறமும் ஏறிவிடும். எங்கள் பாட்டி மிளகாய்ப் பழம் பறித்து வந்ததும் உடனே களத்தில் காயப் போடமாட்டார். வீட்டுக்குள் இரண்டு நாள் குவித்து வைப்பார். அந்தக் குவியலில் செங்காய்களெல்லாம் பழமாகிவிடும். முழுப் பச்சையாக இருப்பதை முன்பே பொறுக்கி எடுத்துவிடுவார். ‘காய், செங்காய், பழம்’ என்று அவர் பிரித்த மூன்று பிரிவுகளைத்தான் நான் இப்போது பாடப் புத்தகத்தில் படிக்கிறேன்.

முடிவுரை

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். தக்காளியை வைத்துக் குடைமிளகாயைக் கணித்தது அவர் அறிவுக்குக் குறையன்று என்றும், கண்ட ஒன்றைக் கொண்டு காணாத ஒன்றைக் கணிப்பதுதான் அறிவியலின் வழி என்றும், ஆய்வகத்தில் நானும் அப்படிக் கணித்துத் தவறினேன் என்றும் சொன்னேன். எனக்குத் திருத்திச் சொல்ல ஒரு பேராசிரியர் இருந்தார்; அவருக்கு யாரும் இல்லை. இதுதான் வேறுபாடு.

அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அந்த நாலு பொட்டி திரும்பி வந்தப்பவே எனக்குப் பாதி புரிஞ்சுபோச்சு கண்ணு. அதுல ரெண்டு காய் மட்டும் செவந்திருந்துச்சு. ரெண்டுலயும் பறிக்கும்போதே கட்டைவிரல் அகலம் நெறம் திரும்பியிருந்துச்சு. அன்னைலேருந்து அந்த அளவு பாத்துத்தான் பறிக்கிறேன். ஏன்னுதான் தெரியாம இருந்துச்சு” என்றார்.

என் இரண்டாண்டுப் படிப்பு சொன்ன விடையில் பாதியை அவர் கட்டைவிரல் முன்பே அறிந்திருந்தது. மீதிப் பாதியை நான் கொடுத்தேன். பிடித்த மூன்று நாள் கூலி திரும்பி வரவில்லை. ஆனால் புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களை முதல் நாளே பக்கத்தில் அழைத்து, கட்டைவிரலை ஒரு காயின் மேல் வைத்துக் காட்டி, “இந்த அளவு திரும்பாததைத் தொடாதீங்க, காம்பை வெட்டிட்டா அதுக்குச் சோறு கெடையாது” என்று அம்மா சொல்லிக் கொடுக்கிறாராம்.

நண்பர்களே! நம் வகுப்பறையில் படிக்கும் பாடம் ஒவ்வொன்றுக்கும் நம் வீட்டில் ஒரு கேள்வி காத்திருக்கிறது. தேர்வுக்குப் படிப்பதோடு நில்லாமல், அந்த விடையை வீடு வரை கொண்டு போய்ச் சேர்ப்போம்.